3டி பிரின்ட் பாகங்களோடு வரும் நீராவி எஞ்சின் மாதிரிக் கிட்: ஓடாவிட்டால் எங்கே பார்ப்பது

கிட்டில் இருந்த எல்லாவற்றையும் பூட்டி முடித்து, எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, கொன்றோலரைத் திருப்புகிறீர்கள். அசையவில்லை. அல்லது அரைச் சுற்று ஓடி, ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கிறது. அந்த நேரத்தில் கை தானாக அரத்துக்குப் போகும்.

என் முதல் எஞ்சினில் நான் செய்ததும் அதுதான். சக்கரங்களை இணைக்கும் தண்டின் ஓட்டை இறுக்கம் என்று நினைத்து இரண்டு இரவு இருந்து அராவினேன். ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்தது, நொண்டல் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் பிழை தண்டிலேயே இல்லை. நடுச் சக்கரம் அச்சில் ஒரு மயிரளவு திரும்பி இருந்தது. பக்கத்துத் தெருவில் நகைப் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் அந்தத் தண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்துவிட்டு, "மனே, ஓட்டையப் பெருப்பிக்கலாம், சிறுப்பிக்க ஏலாது" என்றார். புதுத் தண்டு வந்துசேர ஒன்றரை மாதம் ஆனது.

அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் வெட்டுவதும் அராவுவதும் கடைசியாகத்தான் வரும்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு நீராவி எஞ்சின். கொதிகலனுக்குள் ஒளிந்திருப்பது 12 வோல்ற் மோட்டர். தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர். முன்னால் நான்கு சிறு சக்கரம் கொண்ட போகி, அடுத்து ஆறு பெரிய சக்கரம், பின்னால் ஒன்றுமில்லை: 4-6-0. இலங்கையில் ஓடிய பி1 வகை எஞ்சின்களின் அமைப்பும் இதுதான். நான் இந்தக் கிட்டை வாங்கியதே அதற்காகத்தான். நம் நாட்டுத் தண்டவாள அகலம் 1676 மில்லிமீற்றர். அடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற அளவில் அது 22 மில்லிமீற்றர் வரவேண்டும். 16.5இல் நிறுத்தினால் எஞ்சின் இடுப்பொடுங்கித்தான் தெரியும். அதைத் திருத்தப் போகாதீர்கள், அது பிழை அல்ல.

உடலும் சட்டமும் பிரின்ட். சக்கரம், தண்டு, பல்லுச் சக்கரம் உலோகம். சொல்லில் ஒரு சிக்கல் உண்டு: பிரின்டும் அச்சு, சக்கரம் கோத்த கம்பியும் அச்சு. இங்கே அச்சு என்று வருவதெல்லாம் அந்தக் கம்பிதான்.

முதலில் எல்லாவற்றையும் கழற்றுங்கள்

அறிகுறி எதுவானாலும் தொடக்கம் ஒன்று. உடல், மோட்டர், தண்டுகள் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். சட்டமும் சக்கரமும் மட்டும் மிஞ்சும். அதை முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டொன்றில் வைத்து, கண்ணாடியின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். சின்னச் சரிவிலேயே தானாக உருண்டு இறங்க வேண்டும். இறங்கினால் சக்கரங்களை இணைக்கும் தண்டுகளைப் பூட்டி மறுபடி பாருங்கள். அப்புறம் சிலிண்டருக்குப் போகும் ஓட்டுத் தண்டு. எந்தப் படியில் முரண்டு பிடிக்கிறதோ, பிழை அந்தப் படியில் சேர்த்த பொருளில். மோட்டரைப் பூட்டியபின் உருட்டிப் பார்க்க முடியாது, மோட்டர் தண்டில் உள்ள வேர்ம் என்ற திருகுப் பல்லு பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து சோதனை கரண்டில்தான்.

அந்தக் கண்ணாடியிலேயே இன்னொன்றும் தெரியும். ஆறு சக்கரமும் கண்ணாடியில் தெரியும் தம் பிம்பத்திலிருந்து ஒரே இடைவெளியில் நிற்கின்றனவா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஒன்று மேலே தொங்கினால் சட்டம் முறுகியிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மோட்டர் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை

மோட்டர் தண்டில் திருகாணி மாதிரி இருப்பது வேர்ம். அது அச்சில் உள்ள பல்லுச் சக்கரத்தைக் கடித்துத் திருப்புகிறது. பிரின்ட் செய்த மோட்டர் இருக்கையில் ஒரு சின்னப் பரு இருந்தாலும் மோட்டர் கீழே அழுந்தி, வேர்ம் பல்லுக்குள் ஆழமாகப் போய் இறுகிவிடும். முதலில் இருக்கையின் அடியை நகத்தால் தடவுங்கள். பிரின்ட் செய்யும்போது தாங்கலுக்கு நின்ற குச்சிகளின் அடித்தழும்பு அங்கேதான் மிஞ்சியிருக்கும். அதைக் கத்தி நுனியால் சீவினால் பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.

அதிலும் சரிவராவிட்டால் மோட்டருக்கு அடியில் ஒரு கடதாசித் துண்டு வையுங்கள். சாதாரண அப்பியாசக் கொப்பித் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். ஒன்று வைத்துப் பாருங்கள், தேவையென்றால் இரண்டு. அளவு சரியா என்று பார்க்க, மோட்டரை அசைக்காமல் பல்லுச் சக்கரத்தை விரலால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மிகச் சின்ன ஆட்டம் ஒன்று கையில் தட்டுப்பட வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் இறுக்கம். கிளுக் கிளுக்கென்று சத்தம் வந்தால் தாளைக் கூட்டிவிட்டீர்கள்.

மல்டிமீற்றர் இருந்தால் மோட்டரின் வயரோடு தொடராக மாட்டி அம்பியரைப் பாருங்கள். என் மோட்டர் தனியே சுற்றும்போது 50 மில்லி அம்பியருக்குள் நிற்கும். பூட்டியபின் அது நான்கைந்து மடங்காகிறது என்றால் எங்கோ உரசுகிறது என்று பொருள். அதோடு ஐந்து நிமிடம் ஓட்டினால் மோட்டர் சூட்டில் பிரின்ட் இருக்கையே இளகும். பிரின்டுக்குப் பாவிக்கும் பிஎல்ஏ என்ற பிளாஸ்ரிக் 60 பாகை செல்சியஸ் அளவில் மெத்தென்று ஆகிவிடும், இருக்கை சாய்ந்தபின் கடதாசி எத்தனை வைத்தும் பலனில்லை.

சுற்றுக்கு ஒரு தடவை நொண்டுகிறது

அதிகம் பேரை அழவைப்பது இதுதான்.

நொண்டல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்திலா என்று முதலில் உறுதி செய்யுங்கள். சக்கரத்தின் விளிம்பில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து மெதுவாக ஓட்டினால் தெரியும். புள்ளி ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்கும்போது நொண்டினால் தொடர்ந்து படியுங்கள். கண்ட இடத்திலெல்லாம் நின்றால் அது கரண்ட் பிழை, விட்டு விட்டு ஓடுவதைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

தண்டில்லாமல் மோட்டர் மட்டும் பூட்டி ஓட்டும்போதும் நொண்டுகிறதா? அப்படியானால் பல்லுச் சக்கரத்தைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். சில கிட்டுகளில் இந்தப் பல்லும் பிரின்ட் அல்லது பிளாஸ்ரிக். இறுக்கமான அச்சில் தள்ளி ஏற்றியபோது நடுவிலிருந்து விளிம்புவரை மயிர்க்கோடாக வெடித்திருக்கும். வெடித்த இடத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி கூடிப்போகும். சுற்றுக்கு ஒரு 'டக்' வரும். ஒட்டிப் பார்க்காதீர்கள். சுப்பர் குளூ அந்த வெடிப்பை இரண்டு நாளைக்குப் பிடித்து வைக்கும், மூன்றாம் நாள் விடும். புதிய பல்லு வாங்குங்கள். வாங்கும்போது உங்கள் அச்சு எத்தனை என்று வேர்னியரில் அளந்து பாருங்கள். இந்த அளவு எஞ்சின்களில் 3 மில்லிமீற்றர் அச்சும் உண்டு, அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3.175 மில்லிமீற்றர் அச்சும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சின்ன ஓட்டையைப் பெரிய அச்சில் அடித்து ஏற்றினால் அதுவும் வெடிக்கும்.

தண்டு பூட்டினால் மட்டும் நொண்டினால், சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சரியாகத் திரும்பியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எஞ்சினின் இடப்பக்கத் தண்டு கோத்த ஊசியும் வலப்பக்கத்து ஊசியும் கால் சுற்று, அதாவது 90 பாகை, விலகி நிற்க வேண்டும். ஒரு பக்கம் தண்டு செத்த நிலையில், அதாவது தள்ளினாலும் சக்கரத்தைத் திருப்ப முடியாத இடத்தில், இருக்கும்போது மறுபக்கம் தள்ளிக் கொடுப்பதற்காக உண்மையான எஞ்சின்களில் வந்த ஏற்பாடு அது. மாதிரியில் ஒரு பாகை, இரண்டு பாகை கூடக் குறைய இருந்தாலும் எஞ்சின் ஓடும். ஆனால் மூன்று அச்சிலும் அந்தக் கூடக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். எனக்கு இடறியது அங்கேதான்.

பார்க்கும் விதம் இது. காலையில் யன்னல் பக்கம் வெளிச்சத்துக்கு எதிராக எஞ்சினைப் பிடித்து, இடச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு ஊடாக வலச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் பாருங்கள். முன் அச்சில் இரண்டு கால்களுக்கு நடுவே பின்கால் எங்கே தெரிகிறதோ, நடு அச்சிலும் பின் அச்சிலும் அதே இடத்தில் தெரிய வேண்டும். ஒன்றில் மட்டும் பின்கால் ஒரு ஓரமாக ஒதுங்கித் தெரிந்தால் அந்தச் சக்கரம்தான் கள்ளன். என்னுடையதில் நடுச் சக்கரத்தில் வெளிச்சம் விழும் இடைவெளி மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் ஒல்லியாக இருந்தது. இரண்டு இரவு அராவியவனுக்கு அதைக் காண அரை நிமிடம் போதுமாக இருந்தது.

அச்சை ஒரு கையால் பிடித்து, சக்கரத்தை மற்றக் கையால் இம்மியளவு திருப்புங்கள். இடுக்கியால் பிடிக்க வேண்டாம், விளிம்பு கீறினால் பிறகு கரண்ட் எடுக்காது. இரண்டு அச்சுக்கு மட்டும் தண்டு பூட்டிப் பார்த்து, சரியென்றால் மூன்றாவதைச் சேருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இறுகினால், பிரின்ட் சட்டத்தில் அச்சு போகும் ஓட்டைகளைச் சந்தேகியுங்கள். இழை உருக்கிப் பிரின்ட் செய்யும் மெஷினில் ஓட்டைகள் எப்போதும் சொன்ன அளவைவிடச் சின்னதாகத்தான் வரும், அதோடு முழு வட்டமாகவும் வராது. இதற்குக் கரண்ட் ட்ரில் வேண்டாம், பிளாஸ்ரிக் உருகிச் சுற்றிக்கொள்ளும். துறப்பண ஊசியைக் கைப்பிடியில் மாட்டி விரலால் திருப்புங்கள், இரண்டு பக்க ஓட்டைக்கும் ஊடாக ஒரே தடவையில். பித்தளைப் புஷ் (அச்சு சுற்றுவதற்கு ஓட்டைக்குள் போடும் சிறு குழாய்) கிட்டோடு வந்திருந்தால் மறக்காமல் போடுங்கள். வரவில்லையென்றாலும் வாங்கிப் போடுங்கள் என்பேன்.

இத்தனைக்கும் பிறகும் நொண்டினால், சரி, இப்போது அரம். தண்டின் ஓட்டையில் ஒரு இழுப்பு, பூட்டிப் பார்ப்பு, இன்னொரு இழுப்பு.

நேரில் ஓடுகிறது, வளைவில் விழுகிறது

ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உட்பக்கமாக அளந்தால் 14.5 மில்லிமீற்றர் வரவேண்டும். குறைந்தால் பாதை பிரியும் இடத்தில் ஏறி விழும், கூடினால் வளைவில் இறுகி விழும். பத்துச் சக்கரத்தையும் அளவுங்கள், போகியை விட்டுவிடாதீர்கள்.

அளவு சரியென்றால் போகி எதிலோ முட்டுகிறது. 438 மில்லிமீற்றர் ஆரை கொண்ட வழக்கமான வளைவில் 4-6-0இன் போகி நன்றாக வெளியே தள்ளும். கிட்டை வடிவமைத்தவர் சிலிண்டரை உண்மையான எஞ்சின் மாதிரி உள்ளே ஒடுக்கி வைத்திருந்தால் போகிச் சக்கரம் அதன் பின்புறத்தில் உரசும். உலோகமென்றால் பொறி பறந்து காட்டிக் கொடுக்கும். பிரின்ட் சிலிண்டர் சத்தமில்லாமல் தூக்கி விட்டுவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரு துளி எண்ணெயில் குழைத்த குங்குமத்தைப் போகிச் சக்கர விளிம்பில் தடவி, வளைவில் கையால் தள்ளுங்கள். சிவப்பு எங்கே ஒட்டுகிறதோ அந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள். (குங்குமச் சிமிழை இருந்த இடத்தில் திருப்பி வைத்துவிடுவது நல்லது.)

போகி ஒன்றிலும் முட்டாமல் விழுந்தால் அதற்குப் பாரம் போதாது. சின்ன ஈயத் துண்டு ஒன்றை அதன் மேல் ஒட்டுங்கள்.

விட்டு விட்டு ஓடுகிறது

நான் இருப்பது மட்டக்களப்புக் கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. என் மேசையிலிருந்து இரண்டும் நடக்கிற தூரம். உப்புக் காற்றில் தண்டவாளம் ஒரு கிழமையில் மங்கும். நிக்கல் சில்வர் என்று பெயர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் நாகமும் கலந்தது. மங்கும்.

தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தால் அடுத்த அழுக்கு அதில்தான் குடியேறும். பழைய பருத்தித் துணியில் ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடையுங்கள். அதே துணியைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, எஞ்சினின் பாதி துணியிலும் பாதி வெறும் தண்டவாளத்திலும் நிற்கும்படி பிடித்து ஓட்டினால் சக்கரமும் துடைபடும். துணியில் இரண்டு கறுப்புக் கோடு விழும்.

துடைத்தும் அதே இடத்தில் நின்றால், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகட்டைப் பாருங்கள். மாரியில் இரும்புத் தகடு துருப்பிடித்து, மேலே பளபளத்தாலும் உள்ளே கரண்ட் போகாது. மல்டிமீற்றரில் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். நிரந்தர மருந்து, ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் தனி வயர் ஈயம் வைத்துப் பற்றவைப்பது. மட்டக்களப்பு ஸ்டேஷனோடு முடியும் பாதை என் மேசையில் மட்டும் கல்லடிப் பாலம் தாண்டிக் கல்முனைக்குப் போகிறது. அந்தக் கல்முனைப் பகுதி முழுவதற்கும் தனி வயர் போட்டபின்தான் கோச்சி ஒழுங்காக ஓடியது.

எல்லா இடத்திலும் நின்றால் பிழை எஞ்சினில். சக்கரத்தின் முதுகைத் தொட்டு நிற்கும் மெல்லிய கம்பி ஒவ்வொன்றும் உண்மையில் தொடுகிறதா என்று பாருங்கள். பிரின்ட் சட்டத்தில் அச்சு பக்கவாட்டில் கூடுதலாக ஆடும். ஆடும் தூரம் முழுவதும் கம்பி கூடவே போக வேண்டும். எண்ணெய் விடுவதிலும் கவனம். ஊசி நுனியில் எடுத்த தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும், ஏபிஎஸ் என்ற பிளாஸ்ரிக்கில் செய்த பாகம் என்றால் பிளாஸ்ரிக்குக்கு ஆகும் என்று போத்தலில் எழுதியிருப்பதை வாங்குங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளடைவில் பிசினாகிவிடும்.

சக்கரம் சுற்றுகிறது, எஞ்சின் நகரவில்லை

பாரம் இல்லை. பிரின்ட் உடல் காற்று மாதிரி. மூன்று பெட்டி கோத்தால் நின்ற இடத்திலேயே சறுக்கும்.

இந்த ஊரில் ஈயத்துக்குப் பஞ்சமில்லை. மீன்வலைச் சாமான் விற்கும் கடையில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு கிடைக்கும். சுத்தியலால் தட்டிக் கொதிகலனுக்குள் அடையுங்கள். நடுப் பெரிய சக்கரத்துக்கு நேர் மேலே விரலை வைத்து எஞ்சினைத் தூக்கினால் தராசு மாதிரிச் சமமாக நிற்கும்படி பாருங்கள். முன்னால் பாரம் கூடினால் பின் சக்கரம் சும்மா சுற்றும். வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

ஈயத்தை எதால் ஒட்டுகிறீர்கள் என்பது முக்கியம். தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையை ஊற்றி நிரப்பாதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை மெல்ல மெல்ல அரித்து வெண்பொடியாக்கும். அந்தப் பொடி ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும். வருடங்கள் போனபின் ஒருநாள் கொதிகலன் தானாக வெடித்துப் பிளக்கும், உண்மையான கொதிகலன் மாதிரி. எப்பொக்சியால் ஒட்டுங்கள்.

உடல் சட்டத்தில் குந்தவில்லை

ரெசினில் (ஒளி பட்டு இறுகும் திரவப் பிளாஸ்ரிக்) பிரின்ட் செய்த உடல் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம். 60, 70 பாகைச் சுடுநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்துங்கள், இளகும். கண்ணாடித் துண்டில் வைத்து நேராக அழுத்திப் பிடித்தபடி குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். அப்படியே நிற்கும். முறுகிய சட்டத்துக்கும் இதே வைத்தியம், ஆனால் புஷ்களைப் போடுவதற்கு முன்.

நேராக்கியதை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே உள்ள தட்டில் வைத்துவிட்டுப் போன பிஎல்ஏ சட்டம் ஒன்று, நான் திரும்பி வந்தபோது வில்லாக இருந்தது.

பெயின்ற் வெளுக்கிறது, உடல் பிசுபிசுக்கிறது

கறுப்பு அடித்து அரை மணி நேரத்தில் சாம்பல் பூத்தால் காரணம் ஈரப்பதம். ஸ்ப்ரேயின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிகிறது. மாரியில் ஸ்ப்ரே வேண்டாம், மற்றக் காலத்தில் வெயில் ஏறியபின் அடியுங்கள், பொழுதுபடும் நேரத்தில் அடிக்காதீர்கள். வெளுத்ததன் மேல் காய்ந்த நாளில் மெல்லியதாக இன்னொரு தடவை அடித்தால் பெரும்பாலும் மறையும்.

பிசுபிசுப்பு வேறு. ரெசினைச் சரியாகக் கழுவாமல் விட்டிருக்கிறார்கள். கையுறை போட்டு, ஐசோப்ரொப்பைலில் கழுவி, முழுதாகக் காயவிட்டு வெயிலில் காட்டுங்கள். பகல் முழுக்க விடாதீர்கள், ரெசின் நொறுங்கத் தொடங்கும்.

உடல் இல்லாமல் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது

இது வந்தால் சந்தோஷப்படுங்கள், முடிவுக்கு வந்துவிட்டீர்கள். வயர் எங்காவது உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே நசிகிறதா? ஈயத் துண்டு மோட்டரின் முனையைத் தொடுகிறதா? தொட்டால் நடுவே இன்சுலேசன் ரேப் ஒரு சுற்று. இரண்டும் இல்லையென்றால் திருகாணி. என் கிட்டில் உடலைப் பிடிக்க நான்கு வந்தன, இரண்டு நீளம், இரண்டு குட்டை. நீளமானதைப் பின்னால் போட்டால் அதன் நுனி நேராகப் பல்லுச் சக்கரத்தில் போய்க் குத்தும். நீளமானது முன்னுக்கு.